விஎம்முக்குள் பாதி காலி, சர்வரில் மட்டும் 93 சதவீதம்: இடம் எங்கே போகிறது?

பின்னலாடை (திருப்பூர்)

வணக்கமுங்க. பி.என். ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஐடி பார்க்கிறேன். ஐடி என்று பெயர்தான். சர்வர், பிரின்டர், சிசிடிவி, முதலாளி வீட்டு வைஃபை எல்லாமே நம்ம தலையில்தான்.

இருப்பது ஒரே சர்வர். 2 டிபி எஸ்எஸ்டி இரண்டு போட்டு ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே பிரதி), மேலே விர்ச்சுவல் மெஷின்களை (விஎம்) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ். எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனது. சர்வருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் மாதிரி நாலு விஎம் ஓடுகிறது:

101: கணக்குப் பிரிவு, டேலி இருக்கிற விண்டோஸ், 300 ஜிபி
102: இஆர்பி, எஸ்க்யூஎல் சர்வர், 600 ஜிபி
103: ஃபைல் சர்வர், டிசைன் செக்‌ஷனும் மெர்ச்சன்டைசர்களும் இதில்தான், 1000 ஜிபி
104: உபுன்டு, பஞ்சிங் மெஷின் வருகைப் பதிவு, 200 ஜிபி

கூட்டினால் 2100. டிஸ்க்கே 2000தான். இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பது முதல் கேள்வி. இரண்டாவதுதான் தலைவலி. ஒவ்வொரு விஎம்முக்குள்ளும் போய்ப் பார்த்தால் பயன்பாடு வரிசையாக 140, 260, 420, 30. மொத்தம் 850 ஜிபி. ஆனால் ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில், விஎம் டிஸ்க்குகள் இருக்கும் 'லோக்கல்-எல்விஎம்' 93 சதவீதம் என்று சிவப்பில் நிற்கிறது. போன வாரம் 103இல் பழைய பையர்களின் சாம்பிள் போட்டோ, எம்ப்ராய்டரி ஃபைல் என்று 300 ஜிபிக்கு மேல் அழித்தேன். ரீசைக்கிள் பின்னும் காலி. சர்வரில் ஒரு சதவீதம்கூட இறங்கவில்லை.

புது டிஸ்க் கேட்கலாம் என்றால் முதலாளி, "உள்ள பாதி காலியா இருக்குதுன்னு நீயே சொல்றே, அப்புறம் எதுக்குப் புதுசு?" என்பார். அவர் கேட்பதும் நியாயம்தானே. என்ன பதில் சொல்வது?

நொய்யல்கரை (கோவை)

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், இரண்டாவதுக்கு ஆழியாறு அக்கா வருவார்.

உங்களுடையது தின் ப்ரொவிஷனிங். 1000 ஜிபி என்று விஎம்மிடம் சொல்லியிருக்கிறதே தவிர, அந்த 1000த்தையும் எடுத்து வைக்கவில்லை. உள்ளே எழுத எழுதத்தான் கீழே உள்ள பொதுக் குளத்திலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கொடுக்கும். நம்ம ஊர்க் கல்யாணத்தில் ஆயிரம் பத்திரிகை வைத்துவிட்டு எழுநூறு இலைக்குச் சமைப்பதில்லையா, அந்தக் கணக்கு. ஆயிரம் பேரும் ஒரே பந்திக்கு வந்து உட்காராத வரைக்கும் தவசிப்பிள்ளைக்குக் கவலை இல்லை.

அப்புறம் இன்னொன்று. உங்கள் குளம் 2000மும் இல்லை. டிஸ்க் கம்பெனிக்காரர் 2 டிபி என்பது பத்தின் அடுக்குக் கணக்கு. சர்வர் எண்ணுவது 1024இன் அடுக்கில். அந்தக் கணக்கில் 1862தான் வரும். அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் தன் சிஸ்டத்துக்குக் கிட்டத்தட்ட 96, ஸ்வாப்புக்குக் கொஞ்சம், சும்மா விட்டு வைக்க 16, குளத்தின் மெட்டாடேட்டாவுக்கு (எந்தத் துண்டு யாருடையது என்ற பட்டியல்) கொஞ்சம் என்று எடுத்துக்கொண்டது போக 1700 சொச்சம் நிற்கும். ஆக 1700க்கு 2100 வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆழியாறு (பொள்ளாச்சி)

ஒரே உவமையோடு நிறுத்திக்கொண்டதற்கு நன்றி, நொய்யல். போன இழையில் மாட்டுவண்டி, கிணறு, பம்ப்செட் எல்லாம் வந்துவிட்டது.

பின்னலாடை தம்பி, நீங்கள் மூன்று வேறு வேறு எண்களை ஒரே எண்ணாகப் பார்க்கிறீர்கள். ஒன்று, விஎம்முக்குச் சொன்ன அளவு, அதாவது 2100. இரண்டு, உள்ளே இப்போது இருக்கும் ஃபைல்களின் அளவு, 850. மூன்றாவதை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை: விஎம் இதுவரை ஒருமுறையாவது எழுதிய இடங்களின் மொத்தம். குளம் நிரம்புவது இந்த மூன்றாவதால்தான்.

சர்வரில் ரூட்டாக நுழைந்து, ஒவ்வொரு டிஸ்க்கும் குளத்தில் எவ்வளவு எடுத்திருக்கிறது என்று காட்டும் எல்விஎஸ் கட்டளை கொடுத்து வருவதை அப்படியே போடுங்கள். அதுவரை எதையும் தொட வேண்டாம். புது ஸ்னாப்ஷாட்டும் (விஎம்மின் அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது) எடுக்க வேண்டாம்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

எதுக்குங்க இவ்வளவு? விண்டோஸுக்குள் எஸ்டெலீட் டூல் போட்டு மைனஸ் இசட் கொடுத்து காலி இடம் முழுக்கப் பூஜ்யம் எழுதச் சொல்லுங்க. அப்புறம் டிஸ்க்கைக் காம்பேக்ட் பண்ணினால் சுருங்கிவிடும். எங்க மண்டியில் மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியில் இப்படித்தான் செய்கிறோம்.

ஆழியாறு (பொள்ளாச்சி)

நிறுத்துங்க, நிறுத்துங்க. பின்னலாடை, இதைச் செய்துவிடாதீர்கள்.

எஸ்டெலீட் பூஜ்யம் எழுதுவதும் எழுத்துதான். 103இல் 580 ஜிபி காலி இருக்கிறது. அதில் ஏற்கெனவே எழுதப்பட்ட இடம் கொஞ்சம், இதுவரை தொடாத இடம் கொஞ்சம். தொடாத இடத்தில் எழுதப் போனால், பூஜ்யமாகவே இருந்தாலும், குளம் புதுத் துண்டு எடுத்துக் கொடுக்கத்தான் பார்க்கும். 93 சதவீதத்தில் இருக்கும் குளத்தை இது நேராக 100க்குக் கொண்டுபோய்விடலாம்.

மஞ்சள்மண்டி சொல்வது ஹைப்பர்-விக்குச் சரி. அங்கே விஎம்மின் டிஸ்க்கான விஹெச்டிஎக்ஸ் ஒரு தனி ஃபைல், ஹோஸ்டில் தாராளமாக இடமும் இருந்திருக்கும். இங்கே இருப்பது எல்விஎம் தின் குளம், நாலு விஎம்மும் ஒரே சட்டியில்.

குளம் நிரம்பினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இயல்பான அமைப்பில் எழுத வந்ததை 60 விநாடி நிறுத்தி வைக்கும். அதற்குள் இடம் வராவிட்டால் எழுத்துப் பிழை என்று திருப்பிவிடும். நாலு விஎம்முக்கும் அதே கதிதான், 30 ஜிபி மட்டும் எடுத்த 104 உட்பட. விஎம்முக்குள் இருக்கிற விண்டோஸ், "580 ஜிபி காலி இருக்கும்போது ஏன் எழுத முடியவில்லை" என்று விழிக்கும். பாதி எழுதிய டேட்டாபேஸ் திரும்ப எழுந்திருக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

சரிங்க அம்மணி, எல்விஎம் என்று கவனிக்கவில்லை. ஹைப்பர்-வியில் இடம் தீரப் போகிறது என்றால் அதுவே விஎம்மைத் தற்காலிகமாக நிறுத்திவிடும், அதனால் இந்தப் பயம் எங்களுக்குக் கொஞ்சம் கம்மி.

பின்னலாடை (திருப்பூர்)

நல்லவேளை, எஸ்டெலீட் டவுன்லோட் மட்டும்தான் செய்திருந்தேன். எல்விஎஸ் தந்ததைச் சுருக்கிப் போடுகிறேன்:

குளம் 'டேட்டா': 1.67 டிபி, டேட்டா 93.4 சதவீதம், மெட்டா 38 சதவீதம்
விஎம்-101 டிஸ்க்: 300 ஜிபி, 58 சதவீதம்
விஎம்-102 டிஸ்க்: 600 ஜிபி, 71 சதவீதம்
விஎம்-103 டிஸ்க்: 1000 ஜிபி, 80 சதவீதம்
விஎம்-104 டிஸ்க்: 200 ஜிபி, 38 சதவீதம்
இன்னும் இரண்டு வரி இருக்கிறது. ஒன்று 'ஸ்னாப்_விஎம்-102', பக்கத்தில் 'அப்கிரேடுக்கு முன்' என்கிற மாதிரி ஒரு பெயர், 66 சதவீதம். இன்னொன்று 'விஎம்-102-ஸ்டேட்' என்று ஆரம்பிக்கிறது.

இஆர்பி அப்கிரேட் போன தீபாவளி லீவில் நடந்தது. கம்பெனி மூடியிருந்த நேரத்தில் சாஃப்ட்வேர்க்காரர்கள் வந்து செய்தார்கள்.

ஆழியாறு (பொள்ளாச்சி)

இதுதான் நான் பார்க்க நினைத்தது. கணக்குப் போடலாம்.

101: 300இல் 58 சதவீதம், 174. 102: 426. 103: 800. 104: 76. கூட்டினால் 1476 ஜிபி. குளம் 1710இல் 93.4 சதவீதம் என்றால் 1597. இடைவெளி 121 ஜிபி. இந்த 121ஐத் தனியாகப் பிடித்து வைத்திருப்பது அந்தத் தீபாவளி ஸ்னாப்ஷாட். ஸ்னாப்ஷாட் வரியில் 66 சதவீதம் என்று இருப்பதைப் பார்த்து 396 ஜிபி தின்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். அதில் பெரும்பகுதி 102இன் இன்றைய டிஸ்க்கோடு பொதுவாக இருப்பது. அன்றைக்குப் பிறகு மாறிய துண்டுகளின் பழைய பிரதி மட்டும்தான் அதற்கே உரியது. மாற மாற அது வளர்ந்துகொண்டே போகும். தினமும் கட்டிங், தையல், செக்கிங் என்று எழுத்து விழுகிற டேட்டாபேஸ் என்றால் கேட்கவே வேண்டாம். 'ஸ்டேட்' என்கிற வரி, ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது ரேமையும் சேர் என்று டிக் அடித்ததால் வந்தது. அன்றைய நினைவகம் முழுவதும் அதற்குள் படுத்திருக்கிறது.

அடுத்து 103. உள்ளே 420, கீழே 800. நீங்கள் அழித்த 300 இங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் ஒரு ஃபைலை அழிக்கும்போது தன் குறிப்பேட்டில் "இந்த இடம் இனி காலி" என்று எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தச் செய்தி கீழே குளத்துக்குப் போவதே இல்லை. குளத்துக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. எழுது, படி என்று வருவதைச் செய்யும். "இந்த இடம் இனி வேண்டாம்" என்று சொல்ல டிரிம் என்று தனியாக ஒரு கட்டளை உண்டு. டிஸ்க் அமைப்பில் 'டிஸ்கார்ட்' டிக் இருந்தால்தான் அது விஎம்மைத் தாண்டிக் கீழே இறங்கும். ப்ராக்ஸ்மாக்ஸில் அந்த டிக் தானாக வருவதில்லை. உங்கள் நாலு விஎம்மிலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது, இதே வரிசையில்:

முதலில் பேக்கப். அதுவும் வேறு பெட்டியில். இதே சர்வருக்குள் எடுத்து வைக்காதீர்கள்.

பிறகு அந்த ஸ்னாப்ஷாட்டை நீக்குங்கள். இதை டிரிம்முக்கு முன்னால் செய்வதற்குக் காரணம் உண்டு. ஸ்னாப்ஷாட் இருக்கும்போது டிரிம் ஓட்டினால் 102 தன் பிடியை விடும், ஆனால் அதே துண்டை ஸ்னாப்ஷாட் பிடித்துக்கொண்டிருக்கும். குளத்துக்கு ஒன்றும் திரும்பி வராது.

பிறகு ஒவ்வொரு விஎம்மிலும் டிஸ்கார்ட் டிக். விண்டோஸுக்குள் ரீஸ்டார்ட் கொடுத்தால் போதாது. முழுக்க ஷட்டவுன் செய்து ப்ராக்ஸ்மாக்ஸிலிருந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம் விண்டோஸில் 'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' திறந்தால் டிரைவுக்குப் பக்கத்தில் 'தின் ப்ரொவிஷன்ட் டிரைவ்' என்று காட்ட வேண்டும். காட்டினால் ஆப்டிமைஸ் அழுத்துங்கள். உபுன்டுவில் எஃப்எஸ்டிரிம் மைனஸ் ஏவி.

கோபிக்காரன் (கோபிசெட்டிபாளையம்)

நடுவில் வருகிறேன், மன்னிக்கணும் அண்ணா, அக்கா. நான் காலேஜ் இரண்டாம் வருடம். லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸில் உபுன்டு வைத்திருக்கிறேன். 80 ஜிபி, 'டைனமிக்கலி அலோகேட்டட்'. உள்ளே 18 ஜிபிதான் பயன்பாடு, ஆனால் அதன் டிஸ்க்கான விடிஐ ஃபைல் 61 ஜிபி. லேப்டாப் மொத்தமே 256. எனக்கும் இதே நோய்தானா?

நொய்யல்கரை (கோவை)

அதே நோய்தான் தம்பி, மருந்து வேறு. 'டைனமிக்' என்றால் வளர மட்டும்தான் தெரியும், தானாகச் சுருங்காது.

ஸ்னாப்ஷாட் இருந்தால் முதலில் நீக்கு. உபுன்டுவை ரெக்கவரி மோடில் ஏற்றி, பார்ட்டிஷனை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து ஸீரோஃப்ரீ ஓட்டு. ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 ஆக இருக்க வேண்டும், உபுன்டுவில் இயல்பாக அதுதான். ஸீரோஃப்ரீ காலி இடத்தில் பழைய குப்பை கிடக்கிற பிளாக்கை மட்டும்தான் பூஜ்யமாக்கும். ஏற்கெனவே பூஜ்யமாக இருப்பதைத் தொடாது. அதனால் எஸ்டெலீட் மாதிரி ஃபைல் ஊதிவிடும் பயம் இல்லை. பிறகு விஎம்மை நிறுத்திவிட்டு, விபாக்ஸ்மேனேஜ் கட்டளையில் மாடிஃபைமீடியம், விடிஐ ஃபைலின் பாதை, காம்பேக்ட். 61 இருபதுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கோபிக்காரன் (கோபிசெட்டிபாளையம்)

21 ஜிபி. ரொம்ப நன்றிங்ணா.

நொய்யல்கரை (கோவை)

சந்தோஷம். இப்போது என் பங்குக்கு ஒரு சண்டை. ஆழியாறு அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

எஸ்க்யூஎல் இருக்கிற விஎம்முக்குத் தின் எதற்கு? நான் பார்க்கும் ஃபவுண்டரியில் விஎம்வேர். அங்கே டேட்டாபேஸ் டிஸ்க் எல்லாம் திக், அதாவது முழு இடத்தையும் முன்னாலேயே ஒதுக்குவது, அதிலும் ஈகர் ஸீரோட். உருவாக்கும்போதே முழு இடத்தையும் எடுத்துப் பூஜ்யம் எழுதி வைத்துவிடும். லேஸி ஸீரோட் என்றால் இடம் ஒதுக்கிவிடும், பூஜ்யம் எழுதுவதை முதல் எழுத்து வரும்போது பார்த்துக்கொள்ளும். திக் போட்டால் டேட்டாஸ்டோரில் (விஎம் டிஸ்க்குகள் இருக்கும் இடம்) காட்டும் காலி இடம் உண்மையான காலி இடம். ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். இந்தத் தம்பியின் நிலைமை வந்திருக்கவே வராது.

ஆழியாறு (பொள்ளாச்சி)

கோபம் எல்லாம் இல்லை. ஆனால் பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

வேகத்துக்காகத் திக் என்பது சுழலும் டிஸ்க் காலத்துப் பேச்சு. எஸ்எஸ்டியில் முதல் எழுத்துத் தாமதத்தை ஒரு பனியன் கம்பெனி இஆர்பி உணரவே உணராது. நிம்மதிக்காக என்றால் சரி. ஆனால் உங்கள் ஃபவுண்டரியிலும் ஸ்னாப்ஷாட் எடுத்தால் அதன் பிறகான மாற்றங்களைப் பிடிக்கும் டெல்டா ஃபைல் வளரத்தானே செய்கிறது? அடிப்படை டிஸ்க் திக்காக இருந்தாலும் டெல்டா துண்டு துண்டாக வளர்வதுதான். மறந்துவிட்டால் டேட்டாஸ்டோரை நிரப்பிவிடும். விஎம்வேர் தன் வழிகாட்டுதலிலேயே ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்கிறது. தீபாவளி ஸ்னாப்ஷாட்டைத் திக் காப்பாற்றியிருக்காது.

அது போக, விஎம்மை ஆன் செய்தவுடன் ரேம் அளவுக்கு ஒரு ஸ்வாப் ஃபைல், விஎஸ்டபிள்யூபி, டேட்டாஸ்டோரில் உட்கார்ந்துகொள்ளும். ரேமுக்கு ரிசர்வேஷன் கொடுத்திருந்தால் அந்த அளவு கழியும். 64 ஜிபி ரேம் விஎம்முக்கு 64 ஜிபி டிஸ்க். திக் போட்டுக் கணக்காக நிரப்பிய டேட்டாஸ்டோரில், மின்தடைக்குப் பிறகு விஎம் எழவே மாட்டேன் என்பது இதனால்தான்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

ஹைப்பர்-வியிலும் இது உண்டுங்க. ஹோஸ்ட் நின்றால் விஎம்மை 'சேவ்' செய் என்று வைத்திருந்தால், ரேம் அளவுக்கு ஒரு ஃபைலை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிடும். 'ஷட்டவுன்' என்று மாற்றினால் அந்த இடம் திரும்ப வரும். நாலு விஎம் இருந்தால் கணிசமான ஜிபி.

நொய்யல்கரை (கோவை)

ஸ்வாப் ஃபைல் விஷயம் சரி. ஆனால் கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் திக்தான் என்பதில் நான் மாறப் போவதில்லை. தின் என்பது தினமும் ஒரு ஆள் குளத்தைப் பார்ப்பார் என்று நம்பிப் போடுவது. பிரின்டருக்கு டோனர் மாற்றுகிற ஆளே சர்வரையும் பார்க்கிற ஊரில் அந்த நம்பிக்கை செல்லாது.

ஆழியாறு (பொள்ளாச்சி)

மறுக்க முடியவில்லை. ஆனால் 1700ஐ வைத்துக்கொண்டு 2100ஐத் திக்காகப் போட முடியாது. அவருக்கு இப்போது அந்தத் தேர்வே இல்லை.

காவிரிக்கரை (கரூர்)

பேக்கப் பற்றி அக்கா சொன்னதால் ஒரு எச்சரிக்கை. எங்கள் டெக்ஸ்டைல் யூனிட்டில் லினக்ஸின் கேவிஎம், டிஸ்க் எல்லாம் ரா ஃபைல். 500 ஜிபி ஃபைலை எல்எஸ் போட்டுப் பார்த்தால் 500 என்கும். டியூ போட்டால் 90 என்கும். இரண்டும் உண்மைதான். ஃபைலின் நீளம் 500, டிஸ்க்கில் உண்மையில் உட்கார்ந்திருப்பது 90, நடுவில் இருப்பதெல்லாம் ஓட்டை.

இதை எஸ்சிபியில் வேறு பெட்டிக்கு அனுப்பினால் ஓட்டைகளை எல்லாம் பூஜ்யமாக நிரப்பி 500ஆகப் போய் இறங்கும். ராத்திரி முழுக்க ஓடி, நாஸும் (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) நிரம்பி, காலையில் பாதியில் நிற்கும். ஆர்சின்க் என்றால் ஸ்பார்ஸ் தேர்வு கொடுக்கணும், சிபி என்றால் ஸ்பார்ஸ் ஆல்வேஸ். அல்லது க்யூகௌ2 ஃபார்மட்டுக்கு மாற்றி அனுப்பினால் அந்தத் தொல்லையே இல்லை. அதன் உண்மை அளவும் சொன்ன அளவும் க்யூஇமு-ஐஎம்ஜி இன்ஃபோ கொடுத்தால் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும்.

பின்னலாடை (திருப்பூர்)

ப்ராக்ஸ்மாக்ஸின் சொந்த பேக்கப்பைத்தான் நாஸில் எடுக்கிறேன் அண்ணா, அது சுருக்கித்தான் எடுக்கிறது.

வேலையைச் சனிக்கிழமை ராத்திரிக்கு வைத்திருக்கிறேன். சனிக்கிழமைதான் பீஸ் ரேட் ஆட்களுக்குச் சம்பளம். சாயங்காலம் வரைக்கும் 102ஐத் தொட்டால் வாசலில் கூட்டம் கூடிவிடும். கூலிப் பட்டியல் பிரின்ட் ஆகி, கவர் போட்டுக் கொடுத்து முடித்த பிறகுதான் நிறுத்த முடியும்.

ஆழியாறு (பொள்ளாச்சி)

சரி. அதுவரை 103இல் பெரிதாக எதையும் காப்பி செய்ய விடாதீர்கள். டிசைன் செக்‌ஷனில் சொல்லி வையுங்கள். எல்விஎஸ்ஸில் மெட்டா சதவீதத்தையும் பாருங்கள், எந்தத் துண்டு யாருடையது என்ற பட்டியல் அது. அது நிரம்பினால் டேட்டா நிரம்புவதைவிட மோசம், குளத்தையே பழுது பார்க்க வேண்டி வரும். உங்களுடையது 38தான், பயமில்லை.

பின்னலாடை (திருப்பூர்)

முடிந்ததுங்க. ஞாயிறு காலை நிலவரம்:

ஸ்னாப்ஷாட் நீக்கியதும் 93.4இலிருந்து 86.3. அக்கா போட்ட கணக்கு அப்படியே வந்தது. நாலு விஎம்மிலும் டிஸ்கார்ட் இல்லாமல்தான் இருந்தது. டிக் போட்டு, நிறுத்தி, ஏற்றி, டிரிம் ஓட்டிய பிறகு: 101 இப்போது 150 ஜிபி, 102 290, 103 450, 104 36. குளம் 54 சதவீதம். பச்சை.

103இல் ஆப்டிமைஸ் அழுத்திவிட்டு இன்னொரு ஜன்னலில் எல்விஎஸ்ஸைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 80, 74, 66 என்று இறங்குவதைப் பார்க்க அவ்வளவு சுகமாக இருந்தது.

ஒரு சந்தேகம். உள்ளே 850தான், கீழே 926 இருக்கிறது. மீதி 76 எங்கே?

ஆழியாறு (பொள்ளாச்சி)

அது அப்படித்தான் இருக்கும். குளம் துண்டு துண்டாகக் கொடுக்கிறது, துண்டு துண்டாகத்தான் திரும்ப வாங்கும். ஒரு துண்டுக்குள் சின்னதாக ஒரு ஃபைல் உயிரோடு இருந்தாலும் முழுத் துண்டும் நிற்கும். சின்னச் சின்ன ஃபைல் சிதறிக் கிடக்கிற விஎம்மில் இந்த வித்தியாசம் கூடுதலாக இருக்கும். துரத்த வேண்டாம்.

முதலாளிக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குப் புது டிஸ்க் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் கூடவே, 1700க்கு 2100 வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு 300 ஜிபியில் இன்னொரு விஎம் என்று யாராவது வந்தால் "54 சதவீதம்தானே" என்று சரி சொல்லிவிடாதீர்கள்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

தம்பி, 102இல் உள்ளே 260 என்றீர்களே, அதில் டேட்டாபேஸ் (எம்டிஎஃப்) எவ்வளவு, ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் லாக் (எல்டிஎஃப்) எவ்வளவு? எல்டிஎஃப் ஃபைலைப் பாருங்க.

பின்னலாடை (திருப்பூர்)

எம்டிஎஃப் 64 ஜிபி. எல்டிஎஃப் 112 ஜிபி! இது எதுக்குங்க இவ்வளவு?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

நினைத்தேன். ரெக்கவரி மாடல் 'ஃபுல்' என்று இருக்கும், லாக் பேக்கப் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். ஃபுல்லில் லாக் பேக்கப் எடுத்தால்தான் லாக்குக்குள் பழைய இடம் மறுபடி பயன்பாட்டுக்கு வரும். முழு டேட்டாபேஸ் பேக்கப் தினமும் எடுத்தாலும் லாக் குறையாது, இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். இஆர்பிக்காரரிடம் கேட்டு ஒன்று லாக் பேக்கப்பை மணிக்கொரு தடவை வையுங்க, இல்லாவிட்டால் 'சிம்பிள்' ஆக்கச் சொல்லுங்க. சிம்பிள் என்றால் நடுப்பகல் நிலைக்குத் திரும்பப் போக முடியாது, கடைசி பேக்கப் வரைக்கும்தான். சம்பளக் கணக்கு இருக்கிற டேட்டாபேஸுக்கு நான் ஃபுல்லையே வைப்பேன். பிறகு ஒரே ஒரு தடவை லாக்கைச் சுருக்கி, டிரிம் போட்டுவிடுங்க.

நொய்யல்கரை (கோவை)

எல்விஎம்மில் ஆட்டோ எக்ஸ்டெண்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் குளம் தானாக வளருமே என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அதன் வரம்பு இயல்பாக 100, அதாவது அணைத்து வைத்திருக்கிறார்கள். 80 என்று மாற்றலாம். ஆனால் வளர வால்யூம் குரூப்பில், அதாவது டிஸ்க்கில் குளத்துக்கு வெளியே, இடம் வேண்டுமே. இவரிடம் 16 ஜிபிதான் மிச்சம். ஒரு தடவை இருமினால் தீர்ந்துவிடும். 80 தாண்டினால் மெயில் வருகிற மாதிரி சின்ன ஸ்கிரிப்ட் போட்டு வைப்பது இதைவிட உருப்படியான வேலை.

பின்னலாடை (திருப்பூர்)

ஸ்கிரிப்ட் போட்டாயிற்று அண்ணா. மெயில் எனக்கும் வரும், மேனேஜருக்கும் வரும்.

கடைசியாக ஒன்று. 101இல் டேலிப் பிரிவில் சி டிரைவை 50 ஜிபி கூட்டச் சொல்கிறார்கள். உள்ளே 300இல் சி டிரைவ் 120, மீதி டி டிரைவ். ப்ராக்ஸ்மாக்ஸில் ரீசைஸ் கொடுத்து 350 ஆக்கினால் போதுமா?

ஆழியாறு (பொள்ளாச்சி)

போதாது. கூட்டிய 50 டிஸ்க்கின் கடைசியில் போய் நிற்கும். சி டிரைவை நீட்ட அதற்கு ஒட்டினாற்போலக் காலி இடம் வேண்டும். உங்களுக்கு நடுவில் டி இருக்கிறது. டி இல்லாவிட்டாலும் புது விண்டோஸ்களில் ரெக்கவரி பார்ட்டிஷன் சி டிரைவுக்குப் பின்னால் உட்கார்ந்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' பொத்தானை மங்கலாக்கிவிடும்.

கூட்டுவதற்கு முன்னால் சி டிரைவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டேலியின் டேட்டா ஃபோல்டர் சி டிரைவில் இருந்தால் அதை டி டிரைவுக்கு மாற்றினாலே விஷயம் முடிந்தது. ப்ராக்ஸ்மாக்ஸில் கூட்டத்தான் பொத்தான் இருக்கிறது, குறைக்க இல்லை.

உண்மையிலேயே கூட்ட வேண்டும் என்றால், இனிமேல் சிஸ்டத்துக்கு ஒரு டிஸ்க், டேட்டாவுக்குத் தனி டிஸ்க் என்று இரண்டாகக் கொடுங்கள். டி டிரைவை இரண்டாவது டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டால், முதல் டிஸ்க்கில் சி டிரைவுக்குப் பின்னால் 180 ஜிபி சும்மா கிடக்கும், 50ஐ அதிலிருந்தே நீட்டிக்கொள்ளலாம், ரீசைஸே வேண்டாம். நகர்த்தி முடித்ததும் மறக்காமல் டிரிம்.

பின்னலாடை (திருப்பூர்)

டேலி டேட்டா சி டிரைவில்தான் இருக்கிறது, 41 ஜிபி. கூடவே 2016இலிருந்து எடுத்த பேக்கப் ஃபோல்டர்களும் அங்கேயே. நாளைக்கு அக்கவுன்டன்ட் அண்ணன் வந்ததும் அவரை வைத்துக்கொண்டே நகர்த்துகிறேன். அவர் இல்லாமல் அந்த ஃபோல்டரைத் தொட்டால் என் வேலை காலி.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

நகர்த்தின பிறகு டேலியில் டேட்டா பாத்தையும் மாற்றுங்க தம்பி. இல்லாவிட்டால் காலையில் கம்பெனி லிஸ்டே காட்டாது, அவர் உங்களைத்தான் பிடிப்பார்.